செலீனியம் (மென்பொருள்)

செலீனியம் என்பது இணையச் செயலிகளை உலாவியில் தானியங்கியாகச் சோதிக்க உதவும் திறந்த மூல மென்பொருள் ஆகும். இது 2004 ஆம் ஆண்டு, சிகாகோவில் உள்ள தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவரால் உருவாக்கப்பட்டது.

இதன் தொடக்கப் பதிப்புகளில் சோதனைகள் கட்டளை, இலக்கு, மதிப்பு என்னும் மூன்று நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையாக எழுதப்பட்டன. அவ்வட்டவணையும் சோதிக்கப்படும் பக்கமும் உலாவியில் அருகருகே காட்டப்பட்டன. நிறைவேறிய சரிபார்ப்பு பச்சை நிறத்திலும் தவறியது சிவப்பு நிறத்திலும் தோன்றின. கணினியின் வேகத்தைக் கண்ணால் தொடர இயலாது. எனவே வேகத்தைக் குறைக்கவும், ஒவ்வொரு படியாக இயக்கவும் வசதிகள் இருந்தன. இதனால் பிழை செயலியில் உள்ளதா, சோதனையிலேயே உள்ளதா எனப் பயனர் பிரித்தறிய முடிந்தது.

2017 இல் குரோம் உலாவியும் சாளரமின்றி இயங்கும் வசதியைப் பெற்றது. அவ்வாறு நடத்தப்படும் சோதனைகளில் படிகளை அறியத் திரைப்பிடிப்புகளும் பதிவுக் கோப்புகளும் பயன்படுகின்றன.