வராத அழைப்பு: மதுரங்குளியில் காத்திருப்பின் வரலாறு

போன் அதிராமலேயே அதிர்ந்ததாக உணர்வதைப் போலி அதிர்வு என்பர். உடனே எடுத்துப் பார்த்தால் அழைப்பு எதுவும் இராது. இது கைபேசியோடு பரவிய அனுபவம். இதற்கு அடியிலுள்ள காத்திருப்போ மிகப் பழையது.

இலங்கையின் முதல் தந்தித் தடம் 1858இல் காலியையும் கொழும்பையும் இணைத்தது. தந்தி பரவிய பிறகு, தந்திச் சேவகனைக் கண்டாலே சாவுச் செய்தியோ என்று வீடுகள் பதறின. கொழும்பு–புத்தளம் வீதியில் முந்தலுக்கும் பாலாவிக்கும் இடையே உள்ள மதுரங்குளிக்கும் தொலைவிலிருந்து வரும் செய்தி பெரிய விஷயமே. 1970களின் பிற்பகுதி முதல் புத்தளம் மாவட்டத்திலிருந்து பலர், குறிப்பாகப் பெண்கள், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். பிரிந்த உறவுகளைக் கடிதமும் ஒலிநாடாவும் இணைத்தன.

செல்டெல் 1989இலும், டயலொக் 1995இலும் இலங்கையில் கைபேசிச் சேவையைத் தொடங்கின. கைபேசி மலிவானதும் காத்திருப்பு தபாற்காரரிடமிருந்து மடிக்கு மாறியது. ரியாத்தில் வேலை முடிந்து இரவு 10 மணிக்கு ஒரு தாய் அழைத்தால், மதுரங்குளியில் நள்ளிரவு 12.30. பிள்ளைகளின் தலைமாட்டில் போன் கிடப்பது அதனால்தான்.

போலி அதிர்வு என்ற இவ்வுணர்வை ஆய்வாளர்கள் பின்னரே அளந்தனர். அமெரிக்காவின் மசாசுசெட்சில் ஒரு மருத்துவமனையின் ஊழியர்கள் 169 பேரிடம் மைக்கேல் ரொத்பெர்க் குழுவினர் நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. அவர்களில் 68 விழுக்காட்டினர் போலி அதிர்வை உணர்ந்திருந்தனர். பெரும்பாலோருக்கு அது பெரிய தொல்லையாக இல்லை.

போலி அதிர்வுக்குக் காரணம் மூளையின் எதிர்பார்ப்பு என்று கருதப்படுகிறது. முக்கியமான அழைப்பைத் தவறவிடுவதை விட, வராததை வந்ததாக எண்ணுவது மூளைக்குச் சிறிய இழப்பு. ஆகவே சாரத்தின் மடிப்பு உரசினாலும், தொடைத் தசை துடித்தாலும் அதை அழைப்பாகவே கணிக்கிறது. எதிர்பார்ப்பு கூடும் நாட்களில் இது மிகும்.

அதிர்வை நிறுத்திவிடுவதும், போனை வழக்கமான இடத்திலிருந்து மாற்றி வைப்பதும் பலருக்கு உதவுகின்றன. தொலைவில் உள்ளவரோடு பேசும் நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்வது, எதிர்பார்ப்பை அந்த ஒரு நேரத்துக்குள் ஒதுக்கி, மற்ற நேரத்தில் மனத்தை ஆறவிடும். போலி அதிர்வு நோயன்று. அன்புக்குரியவரின் செய்திக்காக விழித்திருக்கப் பழகிய உடலின் இயல்பு.