எருவைச் சுமந்தவர்கள் யார்? நிலம் யாருடையது?

களப்பணிக்காகப் போகும் ஊர்களில் மண்வள அட்டையை அடிக்கடி பார்க்கிறோம். 2015-இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டம் அது. வயலின் மண்ணை எடுத்துச் சோதித்து, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து முதல் துத்தநாகம், போரான் வரை 12 அளவுகளை அட்டையில் எழுதித் தருகிறார்கள். மேலே விவசாயியின் பெயர் இருக்கும். ஒருமுறை காலனியில் உட்கார்ந்து அந்த அட்டையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தோம். கூலி வேலை செய்யும் ஒரு அம்மா கேட்டார்: "நாப்பது வருசமா அந்தக் கொல்லைக்கு எரு கொட்டுனது நான். என் பேரு எங்க இருக்கு?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் உடனே பதில் இல்லை. பதிலைத் தேட வரலாற்றுக்குள்தான் போக வேண்டியிருந்தது.

முதலில் மண்ணின் கணக்கைப் பார்ப்போம். தழைச்சத்து என்பது நைட்ரஜன். இலையின் பச்சையத்துக்கும் புரதத்துக்கும் அதுதான் அடிப்படை. குறைந்தால் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். வேர் ஓடுவதற்கும், பூ பிடிப்பதற்கும், மணி முற்றுவதற்கும் அது வேண்டும். சாம்பல்சத்து என்பது பொட்டாசியம். செடிக்குள் நீரைச் சீராக வைத்து, தண்டுக்கு உறுதியும் நோயைத் தாங்கும் சக்தியும் தருகிறது. அது குறைந்தால் இலையின் ஓரம் கருகும். ஒவ்வொரு அறுவடையும் இந்தச் சத்துகளை மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. எடுத்ததை யாராவது திருப்பிக் கொண்டுவந்து போட்டால்தான் அடுத்த போகம் விளையும்.

மூட்டை உரம் வருவதற்கு முன்பு அந்தத் திருப்பிப் போடும் வேலையைச் செய்தது யார்? தொழுவத்தில் சாணம் அள்ளுவது, எருக்குழியை வெட்டுவது, எருவைக் கூடையில் தலைச்சுமையாக வயலுக்குக் கொண்டுபோவது, ஏரி வண்டலை வெட்டிச் சுமப்பது, ஆவாரையும் கொளுஞ்சியும் எருக்கும் அறுத்து வந்து சேற்றில் மிதிப்பது. இவற்றில் பெரும்பகுதி பண்ணையாட்களின் வேலை. அவர்களில் பெரும்பாலோர் சேரி மக்கள். தழை, மணி, சாம்பல் என்று தமிழில் சத்துகளுக்குப் பெயர் இருக்கிறது. அவற்றைச் சுமந்த தோள்களுக்கு அந்தக் கணக்கில் பெயர் இல்லை.

மணிச்சத்தின் கதையில் சாதி இன்னும் வெளிப்படையாகத் தெரியும். எலும்பு என்பது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். 1889-இல் இந்திய வேளாண்மையை ஆராய அனுப்பப்பட்ட ஆங்கிலேய வேதியியலாளர் வோல்க்கர், 1893-இல் வெளியான தன் அறிக்கையில் இரண்டு இழப்புகளைச் சுட்டிக்காட்டினார். விறகு இல்லாததால் சாணம் எரிக்கப்படுகிறது. எலும்பும் எண்ணெய் வித்துகளும் ஏற்றுமதியாகி, மண்ணின் வளம் நாட்டை விட்டே வெளியேறுகிறது. செத்த மாட்டை ஊரிலிருந்து இழுத்துப் போய் அறுக்கும் வேலை சாதியால் யார்மீது சுமத்தப்பட்டது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அந்த வேலையை விடுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னபோது, தோல், கொம்பு, எலும்பு என்று கணக்குப் போட்டு, உங்கள் மக்களுக்கு எவ்வளவு நட்டம் தெரியுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1956 அக்டோபர் 15 நாகபுரி உரையில் அவர் இதை நினைவுகூர்ந்தார். அவ்வளவு லாபம் என்றால் அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் பதிலின் சாரம்.

நகரத்திலும் இதே கதைதான். ஆல்பர்ட் ஹோவர்ட் 1920-களில் இந்தூரில் உருவாக்கிய மட்கு உர முறை இன்று இயற்கை விவசாயம் பேசும் எல்லோருக்கும் தெரியும். பின்னர் பெங்களூரு முறையில் நகரக் குப்பையையும் மனித மலத்தையும் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு உரமாக்கினார்கள். மலத்தில் தழைச்சத்து இருக்கிறது என்பது அறிவியல். அதைக் கையால் அள்ளிக் குழி வரைக்கும் கொண்டு சேர்த்தவர்கள் ஒரு சில சாதியினர் மட்டுமே என்பது அறிவியல் ஆகாது. அதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டமும், 2013-இல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டன. இயற்கை உரத்தைப் போற்றும் கூட்டங்களில் இந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை.

உழைப்பு ஒரு பக்கம் போனால், நிலம் எந்தப் பக்கம் போனது? செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கை, மிராசுதாரர்களின் பிடியில் நிலமும் குடியிருக்கும் மனையும்கூட இல்லாமல் வாழ்ந்த பறையர்களின் நிலையைப் பதிவு செய்தது. அதைத் தொடர்ந்து 1892-இல் பிறந்த ஆணையின் வழியாக வந்தவைதான் பஞ்சமி நிலங்கள். கிடைத்தவை பெரும்பாலும் தரிசு. தரிசு என்றால் சத்தில்லாத மண். அதற்கு எரு வேண்டும், எருவுக்கு மாடு வேண்டும், மாட்டுக்கு மேய்ச்சல் வேண்டும். இவை எதுவும் இல்லாமலே நம் முன்னோர் அந்தத் தரிசைத் திருத்தினார்கள். திருந்திய பிறகு, வேறு சாதியினருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையையும் மீறி, நிலம் கைமாறியது. அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள்.

மூட்டை உரம் வந்தால் விடிவு வரும் என்றார்கள். தஞ்சையில் 1960-களின் தொடக்கத்தில் பேக்கேஜ் திட்டம் வந்தது. தழைச்சத்து போட்டால் நன்றாக விளையும் ஆடுதுறை 27 ரகம் வந்தது. விளைச்சல் கூடியது. கூடுதலாக விளைந்ததில் தங்களுக்கும் கூலியாக அரைப்படி நெல் கூட்டித் தரும்படி கேட்டார்கள் கூலித் தொழிலாளர்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். குழந்தைகளும் பெண்களும்தான் அதிகம். மண்ணுக்குப் போன சத்து, மண்ணில் உழைத்தவரின் தட்டுக்கு வரவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஸ்ப்ரெங்கல் கண்டறிந்து, லீபிக் பரப்பிய ஒரு விதி உண்டு. மற்றச் சத்துகள் எவ்வளவு இருந்தாலும், எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும். துத்தநாகம் குறைந்த வயலில் யூரியாவை மேலும் மேலும் கொட்டிப் பயனில்லை.

நம் மக்களின் வாழ்வுக்கும் இந்த விதியைப் பொருத்திப் பார்க்கிறோம். கடன் திட்டம், பயிற்சி முகாம், இலவச விதை என்று எத்தனையோ வந்துகொண்டிருக்கின்றன. குறைவாக இருப்பது நிலம். அதைக் கொடுக்காமல் மற்றவற்றைக் கொட்டினால் விளைச்சல் கூடாது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு வட்டத்திலும் பஞ்சமி நிலக் கணக்கை வெளியிட்டு, நிலத்தை உரியவர்களிடம் ஒப்படையுங்கள். அந்த அம்மா மறுபடியும் கேட்கும்போது, மண்வள அட்டையில் அவர் பெயரை நாங்கள் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.