ஏன் என்று வினவும் பொறி

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் மாலைதோறும் கேட்கும் ஒலி ஒன்றுண்டு. பிள்ளைகள் வடிவியல் தேற்றத்தை உரக்க ஒப்பிக்கும் ஒலி. நாமும் அவ்வாறே பயின்றோம். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி ஏன் பிறக்கின்றது என எவரும் நம்மை வினவினாரல்லர். வரி பிறழாது எழுதினோம், மதிப்பெண் கிட்டிற்று. அவ்வினாவைச் சலியாது எழுப்பும் ஆசானாகக் கணிப்பொறி அமர்ந்த வரலாற்றை ஈண்டுச் சிறிது கூற விழைகின்றோம்.

1956-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் நியூவெல், சைமன், ஷா ஆகியோர் ஆக்கிய நிரல், ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய பெருநூலின் இரண்டாம் அதிகாரத்து முதல் 52 தேற்றங்களுள் 38-ஐத் தானே நிறுவிற்று. வியத்தற்குரியதே, ஆயினும் விடையைப் பொறியே கண்டுவிடின் மாணவன் கற்பதென்ன? வகுப்பறைக்கு உதவியது பிறிதொரு நெறி. நிறுவலை மாணவன் எழுதுவான், பொறி சோதிக்கும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் சப்பெஸ் 1972 முதல் தொடக்கத் தருக்கப் பாடத்தை இந்நெறியில் நடத்தினார். விதி பொருந்தாத வரியைப் பொறி ஏற்காது. முகத்துக்காக இரங்குவதும் அதற்கில்லை!

2013-இல் லியோனார்டோ டி மௌரா தொடங்கிய ‘லீன்’ என்னும் மென்பொருளைக் கொண்டு, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கெவின் பஸ்ஸார்டும் முகமது பெத்ராம்ஃபரும் 2019-இல் இயல் எண் விளையாட்டு ஒன்றை அமைத்தனர். ஓர் எண்ணோடு பூச்சியத்தைக் கூட்டினால் அவ்வெண்ணே என்பது அதில் விதி. பூச்சியத்தோடு ஓர் எண்ணைக் கூட்டினும் அவ்வெண்ணே என்பதோ விதியன்று, நிறுவப்பட வேண்டியது. ‘இரண்டும் ஒன்றுதானே!’ என்று பிள்ளை சினங்கொள்ளும். அச்சினமே கல்வியின் வாயில் எனக் கருதுகின்றோம். பூச்சியத்துக்கு உண்மையெனக் காட்டி, ஓர் எண்ணுக்கு உண்மையாயின் அடுத்த எண்ணுக்கும் உண்மையெனக் காட்டியபின்னரே, அதாவது கணிதத் தொகுத்தறிதலைக் கையாண்ட பின்னரே, பொறி வழிவிடும்.

குறையும் உண்டு. பொருளுணராது கட்டளைகளை மாற்றி மாற்றித் தட்டி, ஏதோ ஒன்று பலிக்க முன்னேறும் மாணவரும் உளர். தாளில் தெளிவுற எழுதும் பயிற்சியை இப்பொறி அளித்துவிடாது.

டெரன்ஸ் டாவோ இயற்றிய பகுப்பாய்வு நூல் 2006-இல் தில்லி ஹிந்துஸ்தான் புக் ஏஜென்சி வாயிலாக வெளிவந்தது. அதற்கு லீன் மொழியிலான துணைப்பகுதியை அவரே 2025-இல் வெளியிடத் தொடங்கினார். எவரும் விலையின்றிப் பெறலாம். அதில் பயிற்சிகளின் நிறுவல்கள் எழுதப்படவில்லை. மாணவன் நிரப்ப வேண்டிய இடந்தோறும் ‘ஸாரி’ என்னும் ஒரு சொல்லே நிற்கின்றது.