கோல்ட் ப்ரூவும் இரட்டைக் குவளையும்

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் அறை எடுத்துப் படிக்கும் நம் தோழர்கள் பலர் இப்போது அறையிலேயே கோல்ட் ப்ரூ போடுகிறார்கள். கடையில் ஒரு கிளாஸுக்குக் கொடுக்கும் காசில் நாலு பேர் குடிக்கலாம் என்பது கணக்கு. கணக்கு சரிதான். அடுப்பும் வேண்டாம், ஃபில்டரும் வேண்டாம். செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறோம். காப்பி ஊறுகிற நேரத்தில் படிக்க ஒரு வரலாறு இருக்கிறது.

சிக்கரி கலக்காத கொட்டையை, ரவையை விடச் சற்றுப் பெரிய பதத்தில் அரைத்து வாங்குங்கள். வழக்கமான ஃபில்டர் பொடி நைசாக இருப்பதால் எவ்வளவு வடித்தாலும் வண்டல் நிற்கும். 100 கிராம் பொடிக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் 800 மில்லி. பொடி முழுக்க நனையும்படி கலக்கி, மூடி, ஃப்ரிட்ஜில் 12 முதல் 16 மணி நேரம் வையுங்கள். சுத்தமான வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். கிடைக்கும் கெட்டிச் சாற்றில் சம அளவு தண்ணீரோ பாலோ சேர்த்துக் குடிக்கலாம். சூடு படாததால் கசப்பும் புளிப்பும் குறைவாக இறங்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத அறை என்றால் இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

இனி வரலாறு. காப்பி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாபா புதன் ஏழு விதைகளை அரபு நாட்டிலிருந்து சிக்மகளூர் மலைக்குக் கொண்டுவந்த கதையைச் சொல்வார்கள். அடுத்து நேராகக் கும்பகோணம் டிகிரி காப்பிக்குத் தாவிவிடுவார்கள். விதைக்கும் டபராவுக்கும் நடுவே ஒரு கை இருக்கிறது. காட்டை வெட்டிய கை, பழம் பறித்த கை. அந்தக் கை பெரும்பாலும் நம்முடையது.

இலங்கையின் கண்டி மலைகளில் 1820-களில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களைத் தொடங்கினார்கள். 1840-களில் அது பெருந்தொழிலானது. வேலைக்கு ஆள் போனது திருநெல்வேலி, மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பகுதிகளிலிருந்து. போனவர்களில் பறையரும் பள்ளரும் அருந்ததியரும் ஏராளம். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கியது. ஆனால் நிலம் ஆண்டையிடமே இருந்தது. கடனும் பஞ்சமும் சேரியிலேயே இருந்தன. பண்ணையிலிருந்து வெளியேற ஒரு வழி தெரிந்தால் போதும் என்றிருந்தவர்களிடம் கங்காணி வந்தான்.

முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போனான். கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் பலர். தோட்டம் போய்ச் சேர்ந்தவர்களின் கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறியது. அந்தக் கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போக முடியும். 1869-இல் இலங்கைக் காப்பியில் இலைத்துரு நோய் தெரிய வந்தது. 1880-களுக்குள் தொழிலே சரிந்து, அதே மலைகளில் தேயிலை ஏறியது. பயிர் மாறியதே தவிர கங்காணி மாறவில்லை. தமிழகத்திலும் ஏற்காடு, நீலகிரி, ஆனைமலைத் தோட்டங்களில் கங்காணி முறை இருந்தது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் நடந்ததை மருத்துவர் பி.எச். டேனியல் நாவலாக எழுதினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் அது கிடைக்கிறது. படிக்காதவர்கள் படியுங்கள்.

ஒரு ஆண்டை மட்டும் நினைவில் வையுங்கள். 1964. அந்த ஆண்டுதான் அமெரிக்காவில் டாட் சிம்ப்சன் என்பவர் வீட்டில் கோல்ட் ப்ரூ போடும் கருவியை உருவாக்கினார். அதே 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். காப்பிக்காகப் போனவர்களின் பேரப்பிள்ளைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பறித்த கதை இது. குடித்த கதை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி எப்படிப் பார்ப்பன நடுத்தர வர்க்கத்தின் அடையாளமானது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். காப்பிக் கடைகளில் 'பிராமணாள்' பலகை தொங்கியது. தாம்பரம் வழியாக ஓடிய தென்னிந்திய ரயில்வேயின் நிலையங்களில் சாப்பிடும் இடம்கூடப் பிராமணருக்குத் தனி, மற்றவருக்குத் தனி. பெரியாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941-இல்தான் அது ஒழிந்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை போனார்கள். கடைசியில் பலகையிலிருந்து 'பிராமணாள்' இறங்கியது.

நகரத்தில் பலகை இறங்கியதால் கிராமத்தில் நமக்குப் பெஞ்சு கிடைத்துவிடவில்லை. அங்கே பலகையே தேவைப்படவில்லை. சிரட்டை இருந்தது, தனி டம்ளர் இருந்தது. குடித்ததும் நாமே கழுவிக் கவிழ்க்க வேண்டும், தரையில்தான் உட்கார வேண்டும். காப்பியை மலையில் பறித்தவரின் அண்ணன் தம்பிக்கு, ஊர்க் கடையில் அதே காப்பி தனி டம்ளரில்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நாம் வீட்டில் காப்பி போட்டுக் குடிப்பதற்காக யாரும் இரட்டைக் குவளை வைக்கவில்லை. கடையில், நாலு பேர் நடுவில், அதே பெஞ்சில், அதே டம்ளரில் குடிப்பதைத்தான் தடுத்தார்கள். நம் முன்னோடிகளும் பொது இடத்தைத்தான் கேட்டார்கள். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையிலும் கிணற்றிலும் பொது இடங்களிலும் எல்லோருக்கும் உரிமை என்றது. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவான அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, கடையையும் உணவகத்தையும் வெளிப்படையாகப் பெயர் சொல்லியது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி இறங்கி, உணவகத்தில் பொதுமக்களுக்கென வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதே குற்றம் என்றது. ஒரு டம்ளருக்காகச் சட்டம் எழுத வேண்டியிருந்த நாடு இது.

எழுதியும் தீரவில்லை. 2011-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், ஆறுமுகம் சேர்வை வழக்கு என்பார்கள், உச்ச நீதிமன்றம் இரட்டைக் குவளை முறையைக் கண்டித்தது. தெரிந்தும் வழக்குப் போடாத அதிகாரிகள் மீதும் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், பொது இடத்தில் பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரத்தை மறுப்பதை வன்கொடுமையாகவே சேர்த்தது. இப்போது சில ஊர்களில் தனி டம்ளருக்குப் பதில் பேப்பர் கப் வந்திருக்கிறது. எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் அது சுகாதாரம். நமக்கு மட்டும் பேப்பர் கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ் என்றால் அது சிரட்டையின் பேரன்.

தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் மின்சார ரயிலில் போகிறோம். தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்த நீலகிரியில்தான் அவர் 1870-இல் சபை கண்டார், 1891-இல் மாநாடு கூட்டினார். 1907-இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். நம் வரலாற்றை நாமே எழுத வேண்டும் என்று ஒரு பைசா விலையில் சொன்னவர் அவர்.

எனவே தோழர்களே, இரண்டு வேலைகள். முதலாவது, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: நம்மில் யார் கண்டிக்குப் போனது, யார் ஏற்காட்டுக்கும் வால்பாறைக்கும் போனது, யார் திரும்பவில்லை. சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். இரண்டாவது, ஊர் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு காப்பி வாங்கிக் குடியுங்கள். எந்த டம்ளரில் வருகிறது, அடுத்தவருக்கு எதில் போகிறது என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் தேதியோடு குறித்து, சாட்சியோடு எழுத்தில் புகார் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் தெளிவாகச் சொல்கிறது.

அறையில் போடுகிற காப்பி நம் வசதிக்கு. கடையில் குடிக்கிற காப்பி நம் உரிமை. வசதி வந்துவிட்டது என்பதற்காக உரிமையை விட்டுவிட முடியாது.