முறை: உத்திரமேரூர் ஏரியும் பெரார்கஞ்ச் வயலும்

தமிழில் ‘முறை’ என்னும் சொல்லுக்கு மூன்று பொருள்கள் நெருங்கி நிற்கின்றன. அரசன் வழங்கும் நீதி முறை; மாமன், மைத்துனன் என உறவைச் சுட்டுவதும் முறை; வாய்க்கால் நீர் ஒருவரது வயலுக்குத் திரும்பும் வேளையும் முறையே. சிறு நிலவுடைமையாளர் பலர் ஒரே நீரைப் பகிரும் இடத்தில் நீதி, உறவு, வரிசை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கியே நின்றன என்பதைத் தமிழக ஏரிப்பாசன வரலாறு காட்டுகிறது.

முதற்பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. பாசன வரலாற்றுக்கும் அவை முதன்மைச் சான்றுகள். ஊரின் 30 குடும்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டோருள் 6 பேர் ஏரி வாரியத்தில் அமர்ந்தனர். பதவிக்காலம் 360 நாள். கால் வேலிக்கு மேற்பட்ட வரிநிலமும் சொந்த மனையும் உடையவரே தகுதி பெற்றனர். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பொதுநீரைப் பேணுவோர் பொதுக்கணக்குக்கும் கட்டுப்பட்டவர் என்னும் கருத்து இங்குத் தெளிவாகப் பதிவாகியுள்ளது. அதே வேளையில் உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். ஏரியை வெட்டியோரும் வயலில் உழைத்தோரும் அந்த அவையில் இடம்பெறவில்லை.

அன்றாட நீர்ப்பங்கீடு வேறு கைகளில் இருந்தது. மடை திறந்து, வயல்தோறும் நீர் பாய்ச்சி, அறுவடையில் நெல்லைக் கூலியாகப் பெற்றவர் நீர்க்கட்டி. பல ஊர்களில் இப்பணி நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடியினருடையது. தனக்கென வயல் இல்லாதவர் எவர் பக்கமும் சாய மாட்டார் என்பதே இந்த ஏற்பாட்டின் உட்பொருள். நடுநிலை என்று போற்றப்பட்டது நிலமின்மையின் மறுபெயராகவும் இருந்தது.

‘குடிமராமத்து’ என்னும் சொல் அடுத்த மாற்றத்தைச் சொல்கிறது. ‘குடி’ தமிழ், ‘மராமத்து’ அரபு மூலத்தினின்று பாரசீகம் வழியாக வந்த ஆட்சிச்சொல். 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்துக் காலத்தில் ஊராரின் உழைப்பை வலிந்து பெறவும், வழக்கமான பணியைச் செய்யத் தவறியவரிடம் பணம் வசூலிக்கவும் வழிசெய்தது. ரயத்துவாரி முறையில் நிலவரி தனித்தனிக் குடியிடமிருந்து நேரே அரசுக்குச் சென்றது. சிறு பழுதுகளைச் செப்பனிடும் கடமையோ கூட்டாகக் குடிகளிடமே எஞ்சியது. வழக்கம் சட்டமானபோது அதன் பொருளும் மாறிற்று.

அதே 1858இல்தான் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. 1923 முதல் 1931 வரை தலைமை ஆணையராக இருந்த பெரார் என்பவரின் பெயரைத் தாங்கும் பெரார்கஞ்ச், அக்குடியேற்றத்தின் பிற்காலக் கிளை. பாந்து இனத்தவரும், 1921 கிளர்ச்சிக்குப் பின் நாடுகடத்தப்பட்ட மாப்பிளைமாரும், 1949 முதல் கிழக்கு வங்க அகதிகளும் தென் அந்தமானில் நிலம் பெற்றனர். அகதிக் குடும்பம் ஒன்றுக்கு 5 ஏக்கர் வயலும் 5 ஏக்கர் மேட்டுநிலமும் என்பது கணக்கு. மாப்பிளைமார் மஞ்சேரி, திரூர், வண்டூர் என ஊர்ப்பெயர்களைத் தம்மோடு கொண்டுவந்தனர். பெயரைச் சுமந்து வரலாம். மடையும் கரையும் தலைமுறைகளாகச் சேர்த்த உறவுமுறையும் அவ்வாறு கப்பலேறுவதில்லை.

அங்கு நெல் மழையை நம்பியே விளைந்தது. மழை எல்லா வயலிலும் ஒருசேரப் பெய்யும்வரை யாருக்கு முதலில் என்ற கேள்வி எழாது. ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். காஞ்சிபுரம் வட்டாரத்தில் அது ஏறத்தாழ 1,200. ஆயினும் சரிவான நிலத்தில் விழும் நீர் விரைந்து கடல் சேர்வதால் சனவரி முதல் ஏப்ரல் வரை வயல்கள் காய்கின்றன. இரண்டாம் பயிர் வேண்டுமெனில் நீரைத் தேக்க வேண்டும். தேக்கியவுடன் நீருக்கு மேல், கீழ் என இரு பக்கங்கள் உண்டாகின்றன. ஓடையின் மேற்பகுதியில் ஒருவர் இயந்திரம் வைத்து இறைத்தால் கீழ்நிலத்தார்க்குக் குறையும்.

இன்று வேளாண் ஆய்வாளர் பரிந்துரைக்கும் பண்ணைக்குட்டை இச்சிக்கலுக்கு ஒரு விடை: அவரவர் நிலத்தில் அவரவர் நீர். குட்டை வெட்ட இடமில்லாத சிறு உடைமையாளருக்கு அது விடையாகாது. தமிழ்நாட்டின் சுமார் 39,000 ஏரிகளிலும் இதே போக்கைக் காணலாம். கிணறும் மின்மோட்டாரும் பெருகிய ஊர்களில் வசதியுள்ளவர் ஏரியை நம்புவதை விட்டனர். கரைப்பணிக்கு வர ஆளில்லாமற்போயிற்று. இழப்பு கிணறில்லாதவரைச் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டின் உழவர் பாசன மேலாண்மைச் சட்டம் நீர்ப்பயனாளர் சங்கங்களை உருவாக்கியது. எனினும் சங்கத்தைச் சட்டம் அமைக்கலாம். கணக்குக் கேட்கும் வழக்கத்தை ஊரார்தான் உண்டாக்க வேண்டும்.

பெரார்கஞ்சுக்குப் பழைய ஏரி வாரியத்தைப் பெயர்த்துச் செல்ல இயலாது. அதன் விலக்கல்களோடு செல்லவும் கூடாது. எடுத்துச் செல்லத்தக்கது ஒன்றே: நீரைப் பொறுப்பேற்றவர் ஆண்டுக்கொருமுறை எல்லார் முன்னும் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் விதி. உறவுமுறை இல்லாத குடியேற்றத்தில் நீர்முறை நிற்பதற்கு நீதிமுறை ஒன்றே தாங்கல்.