வயல் உரமும் வாய்க்கால் மீனும்

கரிகாலன் கல்லணை கட்டிக் காவிரியை வயலுக்குத் திருப்பிய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். அந்நீரில் கரைந்து வயலைவிட்டு வெளியேறும் உரத்தின் வரலாற்றையோ நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அதனைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

நெடுங்காலம் தஞ்சை வயல்களை வளர்த்தவை ஆற்று வண்டலும், ஆட்டுக்கிடையும், தொழு உரமும், கொழிஞ்சித் தழையுமே. இவை மெல்ல மக்கிச் சத்தைத் தருபவை. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின், வண்டலில் கணிசமான பகுதி அங்கேயே தங்கலாயிற்று. 1960-இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்திற்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் அன்றைய தஞ்சையும் ஒன்று. விதை, இரசாயன உரம், கடன் ஆகியவை உழவர்க்கு ஒருங்கே கிடைத்தன. 1965-இல் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல்லை வெளியிட்டது. விளைச்சல் பெருகிற்று, பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. அந்நன்மையை நான் சிறிதும் குறைத்துக் கூறேன்.

ஆயினும், வயலில் இடும் யூரியாவின் தழைச்சத்தில் பாதிக்கும் குறைவான பங்கையே பெரும்பாலும் நெற்பயிர் ஏற்கிறது. எஞ்சியதில் ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. ஒரு பகுதி வடிகாலில் இறங்குகிறது. காவிரிப் படுகையில் மேல்மடையின் வடிகால் நீரே பல இடங்களில் கீழ்மடைக்குப் பாசன நீர். இறுதியில் பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் காயலில் சேர்கின்றன.

தேங்கிய நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் செழிக்கும். பாசி பகலில் பிராணவாயுவை வெளியிடும். இரவிலோ அதனை உட்கொள்ளும். மடிந்த பாசியை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும் எஞ்சிய வாயுவைக் கவரும். ஆதலால் விடியற்காலையில் கெண்டைகள் நீர்மட்டத்தில் வாய் திறந்து தவிக்கும். விரால் காற்றை நேரே சுவாசிக்க வல்லது; கெண்டைக்கு அவ்வாற்றல் இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு கொண்டுவரும் உரத்தால் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் நிகழ்வதும் இதுவே.

மீன் குறைந்தமைக்குப் பூச்சிமருந்தும் ஒரு காரணம். உரத்தின்மீது மட்டும் பழி சுமத்தலாகாது. எனினும் இழப்பு யாருக்கு? நிலமற்ற கூலியாளர்க்கு வாய்க்கால் மீன் விலையின்றிக் கிடைத்த உணவு. நெல் பெருகிய அதே ஊரில் அவர்கள் குழம்புச்சட்டி வறண்டது.

பரிகாரம் கடினமன்று. மண்ணைச் சோதித்து அளவறிந்து உரமிட வேண்டும். ஒரே முறையில் கொட்டாமல், இலைவண்ண அட்டையோடு பயிரின் நிறத்தை ஒப்பிட்டுப் பகுதி பகுதியாக இடலாம். மேலுரம் இட்டபின் சில நாள் மடையை அடைத்து வைக்கலாம். மழை வருமெனில் உரமிடுவதைத் தள்ளிப்போடலாம். தக்கைப்பூண்டும் அசோலாவும் தழைச்சத்தில் ஒரு பங்கைத் தரும். யூரியா மெல்லக் கரையும் பொருட்டு, 2015-இல் நம் நாட்டில் அதற்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது.

மாணவர்களே, வீணாகும் உரம் உழவர் கைப்பணம்; அதுவே மீனுக்கு நஞ்சு. ஒன்றைக் காத்தால் இரண்டும் பிழைக்கும். உங்கள் ஊர் உழவரிடம் இதனை எடுத்துரையுங்கள்.