நேவ்ஸ்மயர் தோட்டமும் அந்நியர் சட்டங்களும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2023இல் ஒரு காணிச் சட்டம் கொண்டுவந்தது. சீனா, ரஷ்யா, ஈரான் உட்பட ஏழு நாடுகளில் நிரந்தர வதிவிடம் கொண்டோர் இராணுவ முகாமிலிருந்து 10 மைலுக்குள் காணி வாங்க முடியாது. நிரந்தர வதிவிடம் சீனாவில் என்றால் கட்டுப்பாடு மாநிலம் முழுவதற்கும். குறி வைத்தது அந்நிய அரசுகளை. சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் ஏறியவர்களிலோ வீடு வாங்க நினைத்த சாதாரணக் குடியேறிகள் இருந்தார்கள்.

இலங்கையின் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களுக்கு இந்தக் கதை பழையது. இங்கே காரணம் முகாம் அல்ல, கிராமத்தவரின் காணிப் பசி. அந்தப் பசி நியாயமானதுதான். 1840ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தால் காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கி, வெள்ளைக்காரத் துரைமாருக்கு விற்றது பிரித்தானிய அரசு. கோப்பியும், பின்னர் தேயிலையும் றப்பரும் மலைகளை மூடின. இடையே கிராமங்கள் நெருக்குண்டன.

1935இல் காணி அமைச்சர் டி. எஸ். சேனநாயக்கவின் காலத்தில் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் வந்தது. முடிக்குரிய காணி இனி இலங்கையருக்கே. ஆனால் இங்கு வாழ்வது மட்டும் போதாது, பிறப்புவழி வதிவிடமும் இலங்கையாக இருக்க வேண்டும் என்றது அது. ஏற்கெனவே விலைக்கு வாங்கிய மலைகளில் துரைமார் அப்படியே இருந்தார்கள். வெளியே நின்றவர்கள், தலைமுறைகளாக லயத்தில் கிடந்தும் ஒரு பேர்ச்சஸ் நிலமில்லாத இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்கள்.

இதன் கூர்மை தெரிந்தது கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டத்தில். கிராம விரிவாக்கத்துக்கென அரசு அதைச் சுவீகரித்தது. லயங்களில் இருந்தவர்களை வெளியேறச் சொல்லி 1946இல் அறிவித்தல் போனது. அவர்கள் அசையவில்லை. அவர்களின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அரசோ குற்றவியல் அத்துமீறல் என்று வழக்குத் தொடுத்தது. சொந்த லயக் காம்பராவுக்குள் இருந்ததே அத்துமீறல்!

அதில் ஒரு தொழிலாளியின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950இல் தீர்ப்பு அவர் பக்கம். வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதே அவரது நோக்கம். உரிமை உண்டென்று நேர்மையாக நம்பி இருப்பவரை, உரிமையாளருக்குத் தொல்லை என்பதற்காக மட்டும் குற்றவாளியாக்க முடியாது என்றார்கள் நீதிபதிகள். பொதுநலவாய நாடுகளின் அத்துமீறல் வழக்குகளில் இது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

ஆனால் அதற்குள் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. 1963ஆம் ஆண்டு நிதிச் சட்டம், குடியுரிமை இல்லாதவருக்குக் காணி கைமாறினால் பெறுமதியில் 100 வீத வரி என்றது. கொழும்பில் பங்களா தேடும் வெளிநாட்டவரும் பலாங்கொடையில் கொழுந்து பறிக்கும் நாடற்ற பெண்ணும் அந்தச் சொற்றொடருக்குள் ஒரே வகை.

தோட்டங்களை வைத்திருந்த, பிரித்தானியாவில் பதிவான ஸ்டேர்லிங் கம்பனிகள் மட்டும் நீடித்தன. தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பிட்ட 1972 காணிச் சீர்திருத்தம் பொதுக் கம்பனிகளைத் தொடவில்லை. அவற்றின் முறை 1975இல்தான் வந்தது. 1992இல் கேகாலை, பலாங்கொடை, கஹவத்தை எனப் பெயர் தாங்கிய பிராந்தியக் கம்பனிகளுக்குத் தோட்டங்கள் குத்தகைக்குப் போயின. நிலம் அரசின் கையிலேயே இருந்தது. வெளிநாட்டவருக்கும், பாதி அல்லது அதற்கு மேல் அந்நியப் பங்குள்ள கம்பனிக்கும் காணி விற்பதைத் தடுத்த 2014 சட்டமும் 99 ஆண்டுவரை குத்தகைக்கு வழிவிட்டது.

எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. பிந்திய வீடமைப்புத் திட்டங்கள் தோட்டக் குடும்பமொன்றுக்கு அளந்து கொடுத்தது 7 பேர்ச்சஸ். லயத்திலேயே இருக்கும் பல குடும்பங்களுக்கு அந்த 7 பேர்ச்சஸும் இன்னும் வந்து சேரவில்லை.